நிலமும் பொழுதும் நிழற்படமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புலவர் பெருமக்களும் இசைவாணர்களும் ஏறிய இந்த மேடையில், தோளில் காமிராவைத் தொங்கவிட்டுக்கொண்டு காடும் ஏரியும் சுற்றித் திரிந்த ஒருவனையும் ஏற்றிவிட்டிருக்கிறீர்கள். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நிழற்படக்கலை என் பிழைப்பன்று, விருப்பம். ஆகவே, முப்பது ஆண்டுகளாக விலங்குகளையும் பறவைகளையும் இரவு வானையும் படம் பிடித்ததில் நான் கற்ற ஒரே ஒரு பாடத்தை மட்டும் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். அந்தப் பாடத்தை ஒரு வரியிலும் சொல்லிவிடலாம்: உயிரைப் படம் பிடிக்கும்போது அது வாழும் இடத்தையும் சேர்த்துப் பிடியுங்கள்.

இதனை எனக்கு முதலில் உணர்த்தியது காடு அன்று; என் வீட்டுச் சுவர். என் தந்தையார் வட ஆர்க்காட்டிலிருந்து ஆலைவேலை தேடிப் பெங்களூருக்கு வந்தவர். அவருடைய படம் ஒன்றே ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. இரவல் வாங்கிய கோட்டு. பின்னால் திரைச்சீலையில் வரைந்த அரண்மனைத் தூண். பக்கத்தில் காகிதப் பூச்செடி. முகம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அவர் குடியிருந்த ஓட்டுவீடு எங்கே? தண்ணீருக்காக அன்னையார் காத்துநின்ற குழாயடி எங்கே? மாலையில் அவர் அமர்ந்திருந்த அரசமரத்து மேடை எங்கே? இன்று அவற்றுள் ஒன்றேனும் நிலத்திலும் இல்லை; படத்திலும் இல்லை. என் பேரன் அப்படத்தைப் பார்த்துவிட்டு, "தாத்தாவின் அப்பா அரசரா?" என்று கேட்டான். நான் என்ன விடை சொல்வேன்? ஒரு மனிதரின் முகத்தைக் காப்பாற்றினோம். அவர் வாழ்ந்த வாழ்வைக் காப்பாற்றத் தவறினோம்.

மனிதருக்கு நேர்ந்த இந்தக் குறைதான் விலங்குப் படங்களுக்கும் நேர்கிறது. புலியின் முகம், கழுகின் கண், மீன்கொத்தியின் அலகு என்று சட்டம் நிறைய உயிரின் உருவமே நிற்கிறது. பின்புலமோ கழுவித் துடைத்த சுவர்போல வெறுமையாக இருக்கிறது. தொலைவிலுள்ளதை அருகே கொணரும் பெரிய வில்லைகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றின் இயல்பே, பார்க்கும் பரப்பைச் சுருக்கி, பின்னிருப்பதை மங்கச் செய்வதுதான். அத்தகைய படம் அழகானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புலி நின்றது பந்திப்பூர்க் காட்டிலா, ஒரு விலங்குக்காட்சிச் சாலையின் கம்பிவேலிக்குள்ளா என்று கேட்டால், படம் வாய் திறவாது.

தமிழர்க்கு இது புதிய செய்தி அன்று. நம் தொல்காப்பியம் பொருளை வகுக்கும்போது எதனை முதற்பொருள் என்றது? நிலத்தையும் பொழுதையும் அன்றோ! விலங்கும் பறவையும் மரமும் கருப்பொருளாக அதன்பின் வருகின்றன. மனிதரின் காதலும் பிரிவும் உரிப்பொருளாக அதற்கும் பின்னரே வருகின்றன. குறிஞ்சி என்றால் மலையும் மலைசார்ந்த இடமும் மட்டும் அன்று. கூதிரும் முன்பனியும், யாமமும் அதனுடன் சேரும். முல்லை என்றால் காடும் காரும் மாலையும். எந்த இடம், எந்தக் காலம், எந்தச் சிறுபொழுது என்று சொல்லாமல் ஓர் உயிரைப் பற்றிப் பேசத் தொடங்குவதில்லை என்னும் மரபு நம்முடையது. காமிரா பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, படத்தில் எதை முதலில் வைக்க வேண்டும் என்பதை நம் முன்னோர் எண்ணி வைத்திருந்தனர்.

இந்த நெறியைக் காமிராவில் நடத்திக் காட்டிய தமிழர் ஒருவர் உண்டு. அவர் மா. கிருஷ்ணன். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். நாம் வாழும் கருநாடகத்துக்கும் அவர் அயலார் அல்லர்; சண்டூர் சமஸ்தானத்தில் சில ஆண்டுகள் பணியாற்றியவர். பல பொறிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட காமிராவுக்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டவர். கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். அவருடைய யானைப் படங்களைப் பாருங்கள். யானை இருக்கும், யானை ஒடித்த மூங்கிலும் இருக்கும், அது நின்ற சரிவும், சேற்றில் பதிந்த அடியும், குட்டியை நடுவில் வைத்துச் சூழ்ந்த கூட்டமும் இருக்கும். யானை எத்தகைய விலங்கு என்பதை அந்தப் படம் சொல்லும். 1950 முதல் தாம் மறையும் வரையில் ஆங்கில நாளிதழொன்றில் இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதிய அவர், ஒரு நாட்டின் தனித்தன்மை அதன் நிலத்திலும், மரஞ்செடிகளிலும், விலங்குகளிலும் இருக்கிறது என்று வற்புறுத்தினார். அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

நம் பெங்களூரின் புகழுக்கும் ஒருவரைச் சொல்ல வேண்டும். பெயரின் முன்னெழுத்தில் தஞ்சாவூரைச் சுமந்தவரான டி. என். ஏ. பெருமாள், 1932இல் பிறந்து 2017இல் மறைந்தவர். ஓ. சி. எட்வர்ட்ஸ் என்னும் மூத்தவரிடம் இக்கலையைப் பயின்று, இந்த நகரத்திலிருந்தே உலகப் புகழ் பெற்றார். பின்னர்ப் பல இளைஞர்களுக்குத் தாமே ஆசானாக விளங்கினார். கிருஷ்ணன் மறைந்தபின் அவருடைய படங்களையும் எழுத்துக்களையும் தொகுத்து 2006இல் வெளியான பெரும் நூலில் பெருமாளின் கையும் இருந்தது. சென்னையில் வாழ்ந்த ஒரு தமிழரின் உழைப்பைப் பெங்களூரில் வாழ்ந்த மற்றொரு தமிழர் அழியாமற் காக்க முன்வந்தார் என்பதில் நம்மைப் போன்ற சங்கங்களுக்கு ஒரு படிப்பினை இருக்கிறது.

அன்பர்களே, பெரியோர்களின் பெருமையைப் பேசிவிட்டு என் சிறுமையை மறைத்துவிட்டால் இந்தப் பேச்சு நேர்மையுடையதாகாது. தொடக்க காலத்தில், நகரத்துக்கு வெளியே ஓர் ஏரிக்கரைப் புதரில் கொண்டைக்குருவியின் கூட்டைக் கண்டேன். மூன்று குஞ்சுகள். படத்துக்கு இடையூறாக இருந்த முட்கிளைகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டினேன்; இரண்டொரு சிறு கிளைகளை ஒடித்தும் எறிந்தேன். பின்புலம் துப்புரவாயிற்று. தாய் இரையூட்ட, மூன்று வாய்களும் மலர்ந்து நிற்கும் படம் கிடைத்தது. ஒரு போட்டியில் அதற்குப் பரிசும் கிடைத்தது. பின்புலத்தின் தூய்மையை நடுவர்கள் பாராட்டினார்கள். ஆனால் படம் எடுத்த மறுநாள் காலையில் நான் திரும்பிச் சென்றபோது கூடு வெறுமையாகக் கிடந்தது. பக்கத்து மரத்தில் காகம் அமர்ந்திருந்தது. கட்டிய கயிற்றை அவிழ்க்க நான் மறந்திருந்தேன்.

நான் இடையூறு என்று எண்ணிய முட்கிளைதான் அந்தக் குருவிக்கு வீட்டுச் சுவர். அதை நீக்கியபின் எனக்குக் கிடைத்தது படம். காகத்துக்குக் கிடைத்தது வழி. பரிசுபெற்ற அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். இன்று பல போட்டிகளில் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என்று விதி செய்திருக்கிறார்கள். அந்த விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று வாய்களே நினைவுக்கு வருகின்றன.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கியது. இடத்தைச் சேர்த்து எடுக்க வேண்டுமானால் நாம் பின்வாங்கி நிற்க வேண்டும். பின்வாங்கி நின்றால் உயிர் அஞ்சாது. அஞ்சாத உயிர் தன் இயல்பான தொழிலைச் செய்யும். அந்தத் தொழிலே நல்ல படம். கலைக்கு வேண்டியதும் அறத்துக்கு வேண்டியதும் இங்கே ஒன்றாகவே இருக்கின்றன. கிளையை வெட்டியவன் பெறுவது உருவம். பத்தடி விலகி நின்றவன் பெறுவது வாழ்வு.

காமிராவோ கைப்பேசியோ வைத்திருக்கும் இளைஞர்களுக்குச் சில நடைமுறைகளைச் சொல்கிறேன். எந்த உயிரைக் கண்டாலும் முதல் படத்தைத் தொலைவிலிருந்து, இடம் முழுவதும் தெரிய எடுங்கள். இரண்டாவது படத்தில் உயிரும் அதன் அண்டையும் பாதிப்பாதியாக இருக்கட்டும். அதன் பின்னரே, அது அஞ்சாமல் இருந்தால் மட்டும், நெருக்கமான படம். உயிரைச் சட்டத்தின் நடுவில் நிறுத்தாதீர்கள். ஒரு பக்கமாக வைத்து, அது நோக்கும் திசையில் வெளி விடுங்கள். வில்லையின் துளையைச் சற்றுக் குறுக்கினால் பின்னாலுள்ள மரமும் தெளிவுபெறும். காலையும் மாலையும் சாய்வாக வரும் ஒளி, புல்லையும் பாறையையும் தனித்தனியே எடுத்துக் காட்டும். கரையில் குனிந்து அமர்ந்தால், நாரையின் காலும் நீரும் எதிர்க்கரையும் ஒரே படத்தில் அமையும். எதிர்க்கரையில் அடுக்குமாடிக் கட்டடம் இருக்கிறதே என்று வருந்தாதீர்கள். அதனையும் சேர்த்தே எடுங்கள். இன்றைய பெங்களூர் நாரையின் உலகம் அதுதான்.

இன்னோர் எடுத்துக்காட்டு. நம் நகரின் பழைய கல்வி வளாகங்களிலும் அடர்ந்த மரச்சோலைகளிலும் தேவாங்கு வாழ்கிறது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கன்னட மக்கள் அதனைக் 'காடுபாப்பா' என்று அன்பொழுக அழைக்கிறார்கள். தமிழகத்தில் 2022ஆம் ஆண்டு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரந்துள்ள கடவூர்க் காடுகள் அதற்கென்றே சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. இரவில் மட்டுமே நடமாடும் சிறுவிலங்கு அது. பூச்சிகளைத் தின்று, மரப்பிசினையும் உண்டு வாழ்வது. மரத்துக்கு மரம் தாவ அதனால் இயலாது. கிளையைப் பற்றிக்கொண்டே நடந்து செல்வது.

அதன் பெரிய கண்களை மட்டும் படமெடுத்தால், பார்ப்பவர் ஐயோ பாவம் என்பார்; அத்துடன் மறந்துவிடுவார். ஆனால் ஒரு கிளையின் நுனியில் அது தயங்கி நிற்க, அடுத்த மரம் எட்டாத் தொலைவில் நிற்க, இடையில் ஒரு சாலையும் மின்கம்பியும் ஓட, அந்த முழுக் காட்சியையும் ஒரே படத்தில் காட்டினால் என்ன ஆகும்? பார்ப்பவர், அந்த இடைவெளியில் ஒரு மரம் நட்டால் என்ன என்று கேட்பார். முதற்படம் இரக்கத்தை எழுப்பும்; இரண்டாவது படம் வழியைக் காட்டும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: அதன் கண்ணில் வெண்ணிற விளக்கைப் பாய்ச்சக் கூடாது. ஆராய்வோர் மங்கலான செந்நிற ஒளியையே கையாளுகிறார்கள்.

இரவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டோம், வானத்துக்கும் செல்வோம். நிலத்திலுள்ள உயிருக்குச் சொன்னது வானத்து மீனுக்கும் பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். இன்னும் நன்றாகவே பொருந்தும் என்பேன்.

வானத்தை மட்டும் தனியே படமெடுங்கள். திருவாதிரையும் மிருகசீரிடமும் ஒளிரும் கூட்டம் அழகாக வந்துவிடும். ஆனால் அப்படத்தைக் கன்னியாகுமரியில் எடுத்தீர்களா, காசியில் எடுத்தீர்களா என்று யாரால் சொல்ல முடியும்? வானத்துக்கு முகவரி இல்லை. அதற்கு முகவரி தருவது கீழே தெரியும் நிலமே. துருவமீனைப் பாருங்கள். ஓர் ஊரின் அகலாங்கு எத்தனை பாகையோ, ஏறக்குறைய அத்தனை பாகை உயரத்தில் அது வடதிசையில் நிற்கும். கன்னியாகுமரியில் 8 பாகை; இங்கே 13 பாகை; லடாக்கிலுள்ள ஹான்லேயில் ஏறக்குறைய 33 பாகை. கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. குழந்தைகளே, இன்றிரவு வடக்கே நோக்கி, தொடுவானத்திலிருந்து ஒரு முட்டிக்குச் சற்று மேலே தேடிப் பாருங்கள். தொடுவானமும் படத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். தொடுவானத்தை நீக்கிவிட்டால் துருவமீனும் ஊரற்றதாகிவிடும்.

இந்தக் கலையை விரும்புவோர், நிலவில்லா இரவில், விளக்கொளி குறைந்த சிற்றூர்ப் புறத்தில், நில உரிமையாளரின் இசைவு பெற்று முக்காலியை நிறுத்துங்கள். காட்டுக்குள் இரவில் செல்வது தடுக்கப்பட்டது, தகாததும்கூட. பெங்களூரைச் சூழப் பாறைக் குன்றுகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு பாறையோ தனிமரமோ படத்தின் கீழ்ப்பகுதியில் நிற்கட்டும். பூமி சுழல்வதால் விண்மீன்கள் மணிக்கு 15 பாகை நகர்வனபோலத் தோன்றும். ஆகவே மீன்கள் புள்ளியாகவே பதிய வேண்டுமானால், 500 என்ற எண்ணை வில்லையின் குவியத் தொலைவால் வகுத்து, வந்த விநாடிகளுக்குள் எடுத்து முடிக்க வேண்டும்; 24 மில்லிமீட்டர் வில்லைக்குச் சுமார் 20 விநாடி. சிறிய உணரி உள்ள காமிராவுக்கு இன்னும் குறைவு. மீன்கள் வளையமாகச் சுழலும் படம் வேண்டுமானால் வடக்கு நோக்கி ஒரு மணி நேரமாவது படமெடுங்கள். அசையாத பாறைக்கு மேலே வானம் சுழல்வதைக் காண்பவர், சுழல்வது எது, நிற்பது எது என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பார்.

ஒரு வேண்டுகோள். ஓரிடத்து வானத்தை மற்றோரிடத்து நிலத்தின்மேல் ஒட்டவைக்கும் கருவிகள் இன்று பெருகியுள்ளன. அவ்வாறு செய்தால், செய்தேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இல்லையேல், என் தந்தையார் படத்திலுள்ள அரண்மனைத் தூணுக்கும் அதற்கும் வேறுபாடில்லை.

வானியலிலும் தமிழகத்துக்கும் இந்நகருக்கும் உறவு நெருக்கமானது. சவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1968இல் வானாய்வு தொடங்கியது, 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் அங்கே செயற்படத் தொடங்கியது. அதனை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் இருப்பது நம் கோரமங்கலாவில். தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய ஹான்லேத் தொலைநோக்கியை, பெங்களூரை அடுத்த ஒசகோட்டையில் அமர்ந்தபடியே இயக்குகிறார்கள். ஹான்லேயைச் சூழ்ந்த பெரும் பரப்பு 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அவ்வூர் மக்கள் தம் விளக்குகளுக்கு மூடியிட்டும் சாளரங்களுக்குத் திரையிட்டும் இருளைக் காக்கிறார்கள். வரும் விருந்தினருக்கு வானத்தைக் காட்டவும் பயிற்சி பெற்றிருக்கிறார்கள்.

இருளும் ஓர் உறைவிடம் என்பதை நாம் மறந்துவிட்டோம். சென்னைக் கடற்கரையில் முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சுகள், ஒளிமிக்க தொடுவானமே கடல் என்று நம்பி நடக்கும் இயல்புடையன. கடற்கரைச் சாலையின் விளக்குகள் அவற்றைத் திசைமாற்றிவிடுகின்றன. விண்மீன்களை மறைக்கும் அதே விளக்குதான் ஆமைக்குஞ்சையும் ஏமாற்றுகிறது. ஆகவே, இரவு வானமும் கானுயிரும் இருவேறு பொருள்கள் அல்ல.

முடிவாக ஒன்று. இன்று பேருந்துகள் நெருங்கி நிற்கும் மெஜஸ்டிக் நிலையம் ஒருகாலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவ விளையாட்டரங்கம் எழுந்திருப்பது சம்பங்கி ஏரியின் இடத்தில். அந்த ஏரிகளில் எந்தப் பறவை எந்தக் கரையில் இறங்கியது, சலவைத் துறை எங்கே இருந்தது, மாடுகள் நீர் குடித்த இறக்கம் எது என்று சொல்ல, கரையும் நீரும் தெரிய எடுத்த படங்கள் இன்னும் எத்தனை இருந்தாலும் நமக்குப் போதா. பறவையின் முகத்தை மட்டும் எடுத்திருந்தால் அது பயன்படாது. அந்தப் பறவை வேறெங்கும் இருக்கிறது. ஏரிதான் இல்லை.

ஆகையால் இக்காலனியின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிறு பணியை வேண்டுகிறேன். வீட்டு மாடியிலோ தெருமுனையிலோ ஏரிக்கரையிலோ ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டுதோறும் பொங்கல் நாளில் அதே இடத்தில் நின்று ஒரே திசையில் பகலில் ஒரு படம், இரவில் ஒரு படம் எடுங்கள். மரம், பறவை, அண்டைவீட்டார், கன்னடப் பெயர்ப்பலகை, வானம் யாவும் அதில் இருக்கட்டும். பின்புறத்தில் நாளும் ஊரும் எழுதி வையுங்கள். பத்தாண்டு கழித்து, இதே மேடையில் அவற்றை வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

சென்னையிலும் துருவமீன் 13 பாகை உயரத்தில்தான் நிற்கிறது, பெங்களூரிலும் அவ்வளவே. அங்கிருந்து இங்கே வந்தவர்களுக்கு வானம் மாறவில்லை. கீழேயுள்ள நிலம் மாறியது. அந்த நிலம் நமக்கு அறுபது எழுபது ஆண்டுகளாகச் சோறிட்டது. நம் குழந்தைகளுக்கு இரண்டாவது மொழியொன்றையும் தந்தது. நம் படங்களில் அதற்கு இடமளிப்போம். நாளை நம் பேரப்பிள்ளைகள் நம்மைப் பார்த்து, "இவர்கள் எங்கே வாழ்ந்தார்கள்?" என்று கேட்க வேண்டிய நிலை வாராதிருக்கட்டும்.